ரசீது தராத வீட்டுக்காரரும் மறைக்கப்படும் வாடகையும்: கீழக்கரையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கீழக்கரையில் வாடகைக்குக் குடியிருக்கும் வங்கி ஊழியர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. வீட்டின் உரிமையாளர் துபாயில் வேலை பார்க்கிறார். மாத வாடகை 14,000 ரூபாய், முன்பணம் ஒரு லட்சம் ரூபாய். இரண்டையும் உரிமையாளரின் மச்சான் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார். எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லை, ரசீதும் இல்லை. வீட்டு வாடகைப் படிக்கு வரி விலக்குக் கோருவதற்காக உரிமையாளரின் பான் எண்ணைக் கேட்டபோது, "அதெல்லாம் கொடுக்கிற வழக்கம் இங்கே இல்லை, வேண்டுமென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. தம்முடைய சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடிக்கப்படும்போது இப்படி வாடகையை மறைப்பவர்களைக் கேட்பார் இல்லையா, இவர் மீது புகார் செய்யலாமா, ரொக்கமாகக் கொடுத்துவந்ததில் தமக்கும் பொறுப்பு உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான பதில் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். வாடகையை ரொக்கமாகக் கொடுப்பது குற்றமில்லை. ஆனால் வீட்டு உரிமையாளர் வருமான வரிச் சட்டத்தின்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், அவருக்குக் கொடுக்கும் வாடகையில் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டிய கடமை குடியிருப்பவருடையது. உள்நாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு உங்களைப் போன்ற தனிநபர் கொடுக்கும் வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வரிப் பிடித்தம் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அதன் விகிதமும் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நம் கடற்கரை ஊர்களில் அவ்வளவு வாடகைக்குப் போகும் குடியிருப்பு வீடு அரிது என்பதால், வாடகையில் வரிப் பிடித்தம் என்ற பேச்சே இங்கு யாருக்கும் பழக்கமில்லை. ஆனால் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் வாடகைக்கு அப்படி எந்தக் கீழ்வரம்பும் கிடையாது. அடிப்படை விகிதமே 30 சதவீதம், அதற்கு மேல் தீர்வை சேர்ந்து 31.2 சதவீதம். உங்கள் 14,000 ரூபாய் வாடகையில் இது 4,368 ரூபாய். இந்தத் தொகையைப் பிடித்து, டான் என்ற வரிப் பிடித்தக் கணக்கு எண்ணைப் பெற்று, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டியவர் நீங்கள்தான். பிடிக்கத் தவறினால் வரியைக் கட்டத் தவறியவராக உங்களையே சட்டம் கருதுகிறது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீத வட்டியும் சேர்கிறது. பணத்தை வாங்குபவர் உள்ளூரில் இருக்கும் மச்சான் என்பதால் இது மாறிவிடாது. அவர் உரிமையாளரின் சார்பில் வாங்குகிறார், அவ்வளவே.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் இருப்பவர்களின் வீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் குடியிருக்கின்றன. அவற்றில் இந்தக் கடமையை அறிந்த குடும்பத்தை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. உரிமையாளர் வாடகையை மறைப்பது அவருடைய சொந்த விஷயம், நமக்கென்ன என்று ஒதுங்கியிருக்கும் குடியிருப்பவர் உண்மையில் அந்த மறைப்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தாம் சுமந்துகொண்டிருக்கிறார். வாடகை மறைப்பால் அரசுக்கு வருவாய் இழப்பு என்று எல்லோரும் பேசுகிறோம். ரசீதும் ஒப்பந்தமும் இல்லாமல் எந்த உரிமையையும் நிலைநாட்ட முடியாத குடியிருப்பவரின் நிலைமை பேசப்படுவதே இல்லை. உங்கள் ஒரு லட்சம் ரூபாய் முன்பணத்துக்கு இன்று மச்சானின் வாய்ச்சொல் தவிர வேறு சாட்சி கிடையாது.

இனி, உரிமையாளரின் பக்கத்திலிருந்து கணக்கைப் பார்ப்போம். வாடகை வருமானத்தை மறைப்பவர் எவ்வளவு வரியை மிச்சம் பிடிக்கிறார் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டால், இந்தக் கரையில் உள்ள சிறு உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஒன்றுமே இல்லாததற்காகப் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தெரியவரும். ஓர் ஆண்டில் வரவேண்டிய வாடகையிலிருந்து உரிமையாளர் கட்டிய சொத்து வரியை முதலில் கழிக்கலாம். மீதியில் 30 சதவீதத்தைப் பழுது, பராமரிப்பு போன்ற செலவுகளுக்காக, ஒரு ரூபாய்க்குக்கூடச் செலவுச் சீட்டு காட்டாமல், சட்டமே கழித்துக்கொடுக்கிறது. வீடு கட்டக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியையும் கழிக்கலாம். உங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டால், ஆண்டு வாடகை 1,68,000 ரூபாய். சொத்து வரி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மீதி 1,62,000. அதில் 30 சதவீதமான 48,600 போக, வரிக்கு உரிய வருமானம் 1,13,400 ரூபாய். இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், வருமான வரியைக் கணக்கிடும் இரண்டு முறைகளில் பழைய முறையில் 2,50,000 ரூபாய் என்றும், புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 4,00,000 ரூபாய் என்றும் உள்ள, வரி தொடங்கும் அடிப்படை வரம்பை இது எட்டுவதே இல்லை. அவர் கட்டவேண்டிய வரி சுழியம். நீங்கள் பிடித்துக் கட்டும் தொகை ஆண்டுக்கு 52,416 ரூபாய் ஆகும். கணக்குத் தாக்கல் செய்தால் அது முழுவதும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அதுவரை காத்திருக்க விருப்பமில்லை என்றால், குறைந்த விகிதத்தில் அல்லது பிடித்தமே இல்லாமல் வாடகை பெறுவதற்கான சான்றிதழுக்கு அவர் வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழை உங்களிடம் கொடுத்துவிட்டால் உங்கள் தலைவலியும் தீர்ந்தது.

உள்நாட்டில் வசிப்பவரின் நிலை இதைவிட எளிது. ராமநாதபுரத்தில் இரண்டு வீடுகளை மொத்தம் மாதம் 40,000 ரூபாய்க்கு விட்டு அந்த வருமானத்தில் காலம் தள்ளும் ஒரு கைம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். 30 சதவீதம் போனால் 3,36,000 ரூபாய். புதிய முறையில் அது அடிப்படை வரம்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேலும், புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் உள்நாட்டுவாசிக்கு 2025-26 முதல் வரித் தள்ளுபடி உண்டு. வாடகை தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய் வரை வாடகை வாங்கினாலும், 30 சதவீதக் கழிவுக்குப் பிறகு 12 லட்சத்துக்குள் அடங்கிவிடுவதால், கட்டவேண்டிய வரி இல்லை. வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் கணக்கு மட்டும் தாக்கல் செய்தாக வேண்டும். இந்தத் தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குக் கிடைக்காது என்பதை நம் ஊர்க்காரர்கள் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் அவர்களுக்கும் சுமை அவ்வளவு பெரியதில்லை. மூன்று வீடுகளை ஒவ்வொன்றும் மாதம் 30,000 ரூபாய்க்கு விட்டிருக்கும் ஒரு வளைகுடாவாசிக்கு ஆண்டு வாடகை 10,80,000 ரூபாய். 30 சதவீதக் கழிவுக்குப் பின் 7,56,000 ரூபாய். புதிய முறையில் தீர்வையோடு சேர்த்து வரி 18,512 ரூபாய். ஆண்டு முழுவதும் வரும் வாடகையில் இது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இதைக் கட்டிவிட்டால், வாடகைப் பணம் வெளிநாட்டில் வசிப்போருக்கான முறையான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் சேர்ந்து, வேண்டும்போது அவர் வேலை பார்க்கும் நாட்டுக்கே அனுப்பத்தக்க பணமாகிவிடுகிறது. கட்டாவிட்டால் அது மச்சானின் பீரோவில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் மறைக்கிறார்கள்? வரியைவிட, துறையின் பார்வையில் பட்டுவிடுவோமோ என்ற அச்சம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. வாடகையைக் காட்டினால் வீடு கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களோ, பத்திரத்தில் குறைத்து எழுதிய விலை தோண்டப்படுமோ என்று தயங்குகிறார்கள். வளைகுடாவில் ஈட்டி வங்கி வழியாக அனுப்பிய பணத்தில் கட்டியவருக்கு இந்த அச்சம் வேண்டியதே இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் அங்கே உழைத்து அங்கே பெற்ற சம்பளத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது. வேறு வழியாக வந்த பணம் என்றால் அச்சத்துக்குக் காரணம் உண்டுதான், ஆனால் வாடகையை மறைப்பதால் அந்தச் சிக்கல் தீர்வதும் இல்லை.

இன்னொரு காரணம், வீடு உண்மையில் யாருடையது என்பதே தெளிவாக இல்லாமை. பாட்டனார் பெயரில் பட்டா இருக்கும், பாகப்பிரிவினை ஆகியிருக்காது, அண்ணன் தம்பி நால்வர் வாடகையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பங்கு இன்னது என்று நிர்ணயிக்கத்தக்கதாக இருந்தால், அவரவர் பங்கு அவரவர் வருமானமாகத் தனித்தனியே கணக்கிடப்படும் என்பதால், இதிலும் பெரும்பாலும் யாருக்கும் வரி வராது. கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். தகப்பனார் மணமான மகளுக்குக் கொடுத்த வீட்டின் வாடகை அந்த மகளின் வருமானம். தகப்பனாரின் கணக்கிலோ கணவரின் கணக்கிலோ அது சேராது. ஆனால் கணவர் தம் பணத்தில் கட்டி, ஈடு எதுவும் பெறாமல் மனைவியின் பெயருக்கு எழுதிவைத்த வீடு என்றால், அந்த வாடகை கணவரின் கையில்தான் வரிக்கு உள்ளாகும். இரண்டு வீடுகளும் ஒரே தெருவில், ஒரே பெண்ணின் பெயரில் இருந்தாலும் சட்டம் அவற்றை வேறு வேறாகப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல், மனைவி பெயரில் இருப்பதால் யாருக்கும் வரி இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பான் எண் கேட்டு நெருக்கும் குடியிருப்பவரிடம் "அப்படியானால் ஒத்திக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வாடகைப் பேச்சே வேண்டாம்" என்று சொல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. ஐந்து லட்சமோ ஆறு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது கொடுத்த தொகையைத் திரும்பப் பெறுவது ஒத்தி. ஒத்திப் பணம் கடனாகையால் அது உரிமையாளரின் வருமானம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வருமானத்தைச் சட்டம் கணக்கிடும்போது கைக்கு வந்த வாடகையை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வீடு நியாயமாக எவ்வளவு வாடகைக்குப் போகும் என்பதையும் பார்க்கிறது. ஆகவே ஒத்திக்கு விட்டதால் வரிக் கணக்கிலிருந்து வீடு மறைந்துவிடாது. அதைவிட ஆபத்தானது ரொக்கம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனையோ வைப்புத்தொகையையோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒரே பரிமாற்றத்தில் இரண்டு லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறவும் கூடாது. மீறி வாங்கியவருக்கு, வாங்கிய தொகைக்குச் சமமான தொகையே அபராதம். மாதம் 10,000 ரூபாய் வாடகையை மறைப்பதற்காக ஐந்து லட்சம் ரூபாயை ரொக்கமாக வாங்கும் உரிமையாளர், ஐந்து லட்சம் ரூபாய் அபராதத்துக்கு வாசலைத் திறந்து வைக்கிறார். கொடுப்பவருக்கோ, பதிவு செய்யாத ஒத்தியில் உரிமையாளர் இறந்துபோனால் வாரிசுகளிடம் பணத்தை எப்படிக் கேட்பது என்ற கவலை. எனவே ஒத்தி என்றால் வங்கி வழியாகப் பணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, இவ்விரண்டும் இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் இரண்டு வீடுகள் வரை தம் சொந்த வசிப்புக்கு என்று காட்டி, அவற்றின் மதிப்பைச் சுழியமாகக் கொள்ளலாம். மூன்றாவது வீடு பூட்டியே இருந்தாலும் வாடகைக்கு விட்டதாகவே கருதிக் கணக்கிடப்படும்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் சிறு உரிமையாளர்களைப் பற்றியது. உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அது சேரவேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன். ராமேஸ்வரத்துக்கு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போய்ப் பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளிலும், அக்னி தீர்த்தத்துக்குப் போகும் சந்துகளிலும், குடியிருப்பு வீடு என்று நகராட்சியில் பதிவாகியிருக்கும் கட்டடங்கள் அறை அறையாகத் தடுக்கப்பட்டு நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு ஈரத்துணியோடு நிற்கும் வடநாட்டு யாத்திரிகக் குடும்பத்திடம் தரகர் சொல்வதுதான் அன்றைய வாடகை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் போக்குவரத்து தீவுக்குள் மீண்டும் வந்த பிறகு இந்தத் தொழில் இன்னும் சூடுபிடித்திருக்கிறது. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு நாட்களிலும் இதே நிலைதான். விரிப்பு, வெந்நீர், துப்புரவு எல்லாம் சேர்த்து நாள் கணக்கில் அறை கொடுப்பது வீட்டு வாடகை இல்லை, விடுதித் தொழில். அதற்கு 30 சதவீதக் கழிவு கிடையாது. தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

இவர்களில் எதையும் காட்டாதவர் மூன்று இடங்களில் மறைக்கிறார். வருமான வரித் துறையிடம் வரவை மறைக்கிறார். நகராட்சியிடம் வணிகப் பயன்பாட்டை மறைத்துக் குடியிருப்புக்கான சொத்து வரியைக் கட்டுகிறார். மின்வாரியத்திடம் வீட்டு இணைப்பு என்று சொல்லி, குடும்பங்களுக்கென்று அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தைத் தம் விடுதி அறைகளின் குளிர்சாதனத்துக்குப் பயன்படுத்துகிறார். அந்த அறைகளிலிருந்து வரும் கழிவுநீரையும் குப்பையையும் அகற்றும் செலவு நகராட்சியின் தலையில், அதாவது ஒழுங்காக வரி கட்டும் மற்றவர்களின் தலையில் விழுகிறது. கரையில் வலை பின்னிப் பிழைக்கும் குடும்பம்கூடத் தான் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி கொடுக்கும் ஊரில், ஓர் அமாவாசைக்குக் கட்டுக்கட்டாகப் பணம் எண்ணுபவர் ஒன்றும் கொடுக்காமல் இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அவருக்கும் சட்டம் எளிய வழி வைத்திருக்கிறது என்பது வேதனையைக் கூட்டுகிறது. ஆண்டு வரவு இரண்டு கோடி ரூபாய்க்குள் இருக்கும் உள்நாட்டு வணிகர், விரிவான கணக்குப் புத்தகம் எழுதாமலேயே, வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதத்தையும் ரொக்க வரவில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டி முடித்துக்கொள்ளலாம்.

மறைப்பு நீண்ட நாள் நிலைக்கும் என்ற நம்பிக்கையும் இப்போது பொய்த்து வருகிறது. 2021 நவம்பரிலிருந்து ஒவ்வொருவரின் பான் எண்ணின் கீழும் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை திரட்டப்படுகிறது. உங்களைப் போன்ற ஊழியர் பழைய முறையில் வாடகைப் படிக்கு விலக்குக் கோரி, ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், உரிமையாளரின் பான் எண்ணை வேலை கொடுப்பவரிடம் தர வேண்டும். அது வேலை கொடுப்பவரின் வரிப் பிடித்த அறிக்கை வழியாகத் துறைக்குப் போகிறது. வங்கிக் கிளைக்கோ நிறுவனத்துக்கோ கட்டடம் விட்டிருப்பவருக்கு மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கப்பட்டுக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடைக்காரர், பதிவு பெறாத உரிமையாளரிடம் எடுத்த கடைக்குரிய வாடகை வரியை 2024 அக்டோபர் 10 முதல் தாமே கட்டவேண்டியிருப்பதால், அந்த வாடகையும் எங்கோ பதிவாகிறது. செயலிகள் வழியாக முன்பதிவாகும் அறைகளின் வரவும் அப்படித்தான். துறை கண்டுபிடித்தால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். உண்மையைத் திரித்துக் காட்டியதென்றால் 200 சதவீதம். இரண்டுக்கும் மேல் வட்டி. தாமாக முன்வந்து திருத்த விரும்புபவருக்குப் புதுப்பித்த கணக்கு என்ற வழி இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அதற்கான காலம் 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் முதல் ஆண்டில் 25 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 70 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. வாடகையைக் கணக்கிடும் அடிப்படை மாறவில்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியதற்கு வருகிறேன். முதலில் உங்கள் சம்பளக் கணக்கை எடுத்து, பழைய முறை உங்களுக்கு லாபமா, புதிய முறை லாபமா என்று பாருங்கள். வாடகைப் படிக்கான விலக்கு பழைய முறையில் மட்டுமே உண்டு. புதிய முறையே உங்களுக்குக் குறைந்த வரி தருமானால், பான் எண்ணுக்காக நீங்கள் நடத்தும் போராட்டத்தில் பாதி தேவையில்லாமல் போகும். பழைய முறைதான் நல்லது என்றால், உண்மையான வாடகையை மட்டும் காட்டுங்கள். உறவினரின் பான் எண்ணைப் போட்டு ரசீது தயாரித்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். அது வீட்டுக்காரர் செய்வதைவிட மோசமான குற்றம். அவரிடம் பான் எண்ணே இல்லை என்பது உண்மையானால், பெயரும் முகவரியும் எழுதி அவர் கையொப்பமிட்ட உறுதிமொழி போதும் என்று துறையின் சுற்றறிக்கை அனுமதிக்கிறது.

அடுத்த மாதத்திலிருந்து வாடகையை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். மச்சானிடம் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. துபாயில் இருக்கும் உரிமையாளருக்கே நேரடியாக, மரியாதையாக, எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் இந்த நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினார் என்பதைப் பொறுத்துத்தான் அவர் உள்நாட்டுவாசியா, வெளிநாட்டுவாசியா என்பது தீர்மானமாகும் என்பதால், அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர், வெளிநாட்டுவாசியானால் 31.2 சதவீதம் பிடிக்கவேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இருப்பதையும், அவருக்கு உண்மையில் வரி வராது என்பதால் சான்றிதழ் வாங்கிக்கொடுத்தால் முழு வாடகையும் அவருக்கே வரும் என்பதையும், மேலே நான் போட்ட கணக்கோடு விளக்குங்கள். இத்தனை நாள் பிடிக்காமல் விட்ட மாதங்களுக்கும் ஒரு வழி உண்டு. அவர் அந்த வாடகையைத் தம் கணக்கில் காட்டி, உரிய வரி ஏதேனும் இருந்தால் கட்டி, பட்டயக் கணக்காளரின் சான்று கொடுத்துவிட்டால், வரியைக் கட்டத் தவறியவர் என்ற நிலையிலிருந்து நீங்கள் விடுபடுவீர்கள்; வட்டி மட்டும் மிஞ்சலாம். அதனால்தான் அவர் கணக்குத் தாக்கல் செய்வது அவரைவிட உங்களுக்கு முக்கியம் என்கிறேன்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்வதையும் கட்டாயமாக்குகிறது. வாடகை கொடுத்தால் ரசீது கேட்பது உங்கள் உரிமை. வேறு உடன்பாடு இல்லாதபோது குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது; உங்கள் வாடகைக்கு அது 42,000 ரூபாய்தான். நீங்கள் கொடுத்திருப்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காலி செய்யச் சொல்லி மிரட்டி, தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த அவர்களுக்கு உரிமை இல்லை; வெளியேற்ற வேண்டுமானால் வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். முன்பணம் கொடுத்ததற்கு எழுத்துச் சான்று இல்லாததால், ஒரு லட்சம் ரூபாயைக் குறிப்பிட்டு நீங்கள் அனுப்பும் செய்திக்கு அவர் மறுப்பின்றிப் பதில் எழுதினால் அதைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

புகார் பற்றி என் கருத்து இது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் 2021 ஜனவரியிலிருந்து வரி ஏய்ப்புப் புகார் கொடுக்கும் வசதி இருக்கிறது, யாரும் கொடுக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்காரரின் வாடகைக்கு அநேகமாக வரியே வராத நிலையில், அவர் மீது புகார் கொடுத்து அரசுக்கு ஒரு ரூபாயும் கூடப்போவதில்லை. விசாரணை வந்தால் பிடித்தம் செய்யாத குடியிருப்பவர் யார் என்ற கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும். முன்பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான மிரட்டலாகப் புகாரைப் பயன்படுத்துவதும் முறையன்று. பல அறைகளை நாள் வாடகைக்கு விட்டு எதையும் காட்டாதவரைப் பற்றி உங்களிடம் உறுதியான விவரம் இருந்தால், அங்கே அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். கட்டடத்தின் முகவரி, அறைகளின் எண்ணிக்கை, ரொக்கம் வாங்கிய தேதிகள், ரசீது மறுக்கப்பட்ட விவரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. அதே விவரத்தைச் சொத்து வரிக்காக நகராட்சிக்கும், இணைப்பு வகைக்காக மின்வாரியத்துக்கும் தனித்தனியே கொடுக்கலாம். இந்த இரண்டு அலுவலகங்களும் நேரில் வந்து கட்டடத்தைப் பார்க்கக்கூடியவை.